"இந்த ஒரு நடை போய்வரட்டும்"

கேள்வி: லாரி விபத்துச் செய்தி எதைப் படித்தாலும் ஓட்டுநர் தூங்கிவிட்டார், அதிவேகமாக வந்தார், கட்டுப்பாட்டை இழந்தார் என்றுதான் இருக்கிறது. வண்டியைச் சரியாகப் பராமரிக்காததால் நடக்கும் விபத்துகள் எவ்வளவு? எந்தக் கோளாறு எப்படி விபத்தாக முடிகிறது?

நாமக்கல் பக்கத்தில் லாரிப் பட்டறைகளிலும், பிறகு ஒரு போக்குவரத்து நிறுவனத்தின் பராமரிப்புப் பிரிவிலுமாக இருபத்து நான்கு ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். கழற்றிப் பார்த்த பிரேக் டிரம்களுக்கு, அதாவது சக்கரத்தோடு சுற்றும் இரும்பு உருளைகளுக்கு, கணக்கில்லை. அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

எவ்வளவு என்பதை அரசு வெளியிடும் காரணப் பட்டியலைப் பார்த்து முடிவு செய்துவிடாதீர்கள். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022-இல் நாடு முழுவதும் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவற்றில் 71 சதவீதத்துக்கும் மேலான சாவுகளுக்கு அதிவேகமே காரணம் என்று பதிவாகியிருக்கிறது. மலை இறக்கத்தில் பிரேக் சூடேறிப் பிடிப்பு விட்டுப்போன லாரி எப்படி வரும்? அதிவேகமாகத்தான் வரும். முதல் தகவல் அறிக்கையில் 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டிவந்து' என்ற வழக்கமான வரி ஏறிவிடும். கணக்கும் அந்தத் தலைப்பிலேயே விழுந்துவிடும்.

விபத்துக்குப் பிறகு மோட்டார் வாகன ஆய்வாளர் வந்து வண்டியைப் பார்ப்பார். நம் ஊரில் அவருக்கு 'பிரேக் இன்ஸ்பெக்டர்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஆனால் அவர் பார்க்கும் நேரத்தில் வண்டி ஆறிப்போயிருக்கும். கொதித்து விரிந்த டிரம் பழைய அளவுக்குச் சுருங்கியிருக்கும். சமதளத்தில் நிற்கும் அந்த வண்டியில் பெடலை மிதித்தால் பிரேக் பிடிக்கும். 'விபத்து இயந்திரக் கோளாறால் ஏற்பட்டதன்று' என்று சான்று எழுதப்படும். அவர்மீது குறை சொல்லவில்லை. பெடலை மிதித்துப் பார்த்து மட்டும் இதைக் கண்டுபிடிக்க யாராலும் முடியாது. நடுரோட்டில் சக்கரத்தைக் கழற்றிப் பார்க்க அவருக்கு ஆளும் இல்லை, நேரமும் இல்லை.

நுணுக்கமாக ஆராய்ந்தால் என்ன தெரியும் என்பதற்கு ஒரு நல்ல சான்று அமெரிக்காவில் இருக்கிறது. 2001 முதல் 2003 வரை அங்கே 963 கனரக லாரி விபத்துகளை அரசு ஒவ்வொன்றாக ஆராய்ந்தது. லாரியின் பக்கமே தவறு என்று முடிவான விபத்துகளில், உடனடிக் காரணம் வண்டிக் கோளாறு என்று சொல்லப்பட்டது சுமார் 10 சதவீதம்தான். ஓட்டுநரின் தவறுதான் மிகப் பெரும்பான்மை. ஆனால் அதே ஆய்வில், விபத்தில் சிக்கிய லாரிகளில் 29 சதவீதத்தில் பிரேக் குறைபாடு இருந்தது. இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் படிக்க வேண்டும். எல்லா விபத்தையும் பிரேக் உண்டாக்கவில்லை. ஓட்டுநர் செய்த சிறு தவறைத் தாங்கிக்கொள்ளும் நிலையில் பல வண்டிகள் இல்லை.

ஒரு சிறு கணக்கு போட்டால் இது விளங்கும். 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் லாரியின் பிரேக் நன்றாக இருந்தால், மிதித்த இடத்திலிருந்து ஏறத்தாழ 28 மீட்டரில் நிறுத்திவிடலாம். பிடிப்பு நாற்பது சதவீதம் குறைந்த பிரேக் என்றால் 46 மீட்டர் ஆகும். பதினெட்டு மீட்டர்தானே வித்தியாசம் என்று நினைப்பீர்கள். நல்ல வண்டி முழுதாக நின்றுவிட்ட அந்த 28-ஆவது மீட்டரை, கெட்ட பிரேக் வண்டி இன்னும் 38 கிலோமீட்டர் வேகத்தில் கடந்துகொண்டிருக்கும். அந்த இடத்தில் ஒரு இரு சக்கர வாகனம் இருந்தால் என்ன ஆகும்? செய்தியில் ஓட்டுநரின் கவனக்குறைவு என்று வரும். அவர் கவனக்குறைவாக இருந்ததும் உண்மையாகவே இருக்கலாம்.

பிரேக்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் பல சாவுகள் ஒளிந்திருக்கின்றன. லாரியில் இருப்பது காற்று பிரேக். எஞ்சினோடு சுற்றும் கம்ப்ரசர் காற்றை அழுத்தி டேங்கில் நிரப்புகிறது. பெடலை மிதித்ததும் அந்தக் காற்று ஒவ்வொரு சக்கரத்தின் பக்கத்திலும் இருக்கும் சேம்பருக்குப் போய், உள்ளே இருக்கும் ரப்பர் டயாபிரத்தைத் தள்ளுகிறது. டயாபிரம் ஒரு தண்டைத் தள்ளும். தண்டு ஸ்லாக் அட்ஜஸ்டர் என்ற நெம்புகோலைத் திருப்பும். அது காம் எனும் வளைந்த இரும்புத் துண்டைத் திருப்பும். காம் இரண்டு ஷூக்களையும் விரித்து, அவற்றின்மேல் உள்ள உராய்வுப் பட்டையான லைனிங்கை டிரம்மின் உட்சுவரில் அழுத்தும். இதில் கவனிக்க வேண்டியது அந்தத் தண்டு. அது நகரக்கூடிய மொத்தத் தூரம் இரண்டு, இரண்டரை அங்குலம்தான். லைனிங் தேயத் தேய, டிரம்மைத் தொடுவதற்கே தண்டு அதிகத் தூரம் போக வேண்டியிருக்கும். ஸ்லாக்கை அவ்வப்போது இறுக்கி இந்த இடைவெளியைக் குறைக்காவிட்டால், தண்டு தன் எல்லையை முட்டும் அளவுக்கு வந்துவிடும். காற்றழுத்தம் முழுதாக இருக்கும், மீட்டர் முள் சரியாகக் காட்டும், பெடலும் வழக்கம்போலவே இருக்கும். அழுத்தம் மட்டும் டிரம்முக்குப் போய்ச் சேராது.

இப்படிப்பட்ட வண்டி சமவெளியில் மாதக்கணக்கில் ஓடும். ஆபத்து சூட்டில் இருக்கிறது. 410 மில்லிமீட்டர் விட்டமுள்ள வார்ப்பிரும்பு டிரம் இருநூறு டிகிரி கூடுதலாகச் சூடேறினால் ஏறத்தாழ 0.9 மில்லிமீட்டர் விரியும். அற்பமான அளவுதான், ஆனால் காம் வழியாகத் தண்டுக்கு வரும்போது அது பல மடங்காகும். ஏற்கெனவே எல்லையில் நிற்கும் தண்டுக்குக் கூடுதலாக நகர இடமில்லை. டிரம் லைனிங்கை விட்டு விலகிப் போய்விடும். போதாததற்கு, அதிகச் சூட்டில் லைனிங்கின் உராய்வும் குறையும். பெடலை முழுதாக மிதித்தும் வண்டி நிற்காமல் போவது இப்படித்தான்.

அந்தச் சூடு எங்கிருந்து வருகிறது என்று பார்க்கத் தொப்பூருக்குப் போகலாம். தருமபுரிக்கும் சேலத்துக்கும் நடுவே 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் உள்ள கணவாய் அது. வடக்கிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓடிவரும் லாரி, சேலத்துச் சமவெளிக்கு இறங்கும் இடம். 2020 டிசம்பரில் அங்கே நெரிசலில் நின்றிருந்த வாகனங்கள் மீது சிமெண்ட் ஏற்றிவந்த லாரி மோதி நால்வர் இறந்தார்கள். 2024 ஜனவரியிலும் அதே இறக்கத்தில் லாரிகளும் கார்களும் மோதித் தீப்பிடித்து மறுபடியும் உயிர்கள் போயின. மூன்று அச்சு லாரி ஒன்று சட்டப்படியான 28.5 டன் எடையோடு 100 மீட்டர் உயரம் இறங்கினால் வெளியாகும் ஆற்றல், 95 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. கியரில் இறங்கினால் எஞ்சின் அதில் பெரும்பகுதியைத் தாங்கிக்கொள்ளும். நியூட்ரலில் இறங்கினால் அத்தனையும் டிரம்களின் தலையில் விழும். எஞ்சினையே அணைத்துவிட்டால் கம்ப்ரசர் நிற்கும், பவர் ஸ்டீயரிங்கும் போகும். விட்டு விட்டு மிதிக்கும் ஒவ்வொரு மிதிக்கும் டேங்கிலிருந்து காற்று குறைந்துகொண்டே வரும்.

நியூட்ரலில் இறக்குவது ஓட்டுநரின் குற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஏன் அப்படிச் செய்கிறார் என்று பாருங்கள். பல இடங்களில் டீசலைக் கணக்குப் பண்ணித்தான் கொடுக்கிறார்கள். குறைவாகப் பிடித்தால் மிச்சம் அவருக்கு, கூடினால் சம்பளத்தில் பிடித்தம். புகைபோக்கியை மூடி இறக்கத்தில் எஞ்சினுக்கு உதவ வேண்டிய எக்சாஸ்ட் பிரேக்கின் தட்டு கரி படிந்து இறுகிக் கிடக்கும். அது இல்லாமலும் வண்டி ஓடுகிறதே என்று யாரும் சரிசெய்வதில்லை. காற்று குறைந்தால் கத்த வேண்டிய பஸ்ஸரின் ஒயர் பிடுங்கி விடப்பட்டிருக்கும். காலையில் டேங்க் நிரம்பும்வரை கத்துவது காதுக்கு எரிச்சல் என்பதுதான் காரணம். பட்டறைக்கு வந்த எத்தனையோ வண்டிகளில் அந்த ஒயரை நானே திரும்ப மாட்டியிருக்கிறேன்.

இனி நான் மறக்க முடியாத ஒரு வண்டியைப் பற்றி. பன்னிரண்டு சக்கர லாரி. மாலை ஐந்து மணிக்கு உள்ளே வந்தது. ஓட்டுநர் இறங்கி வந்து, "அண்ணா, பிரேக் மிதித்தால் இடப்பக்கம் இழுக்கிறது. மூன்று நடையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்" என்றார். இடப்பக்கம் இழுத்தால் வலப்பக்கம் பிடிக்கவில்லை என்று பொருள். முன் வலச் சக்கரத்தைக் கழற்றினோம். ஹப்பின் ஆயில் சீல் கிழிந்து, கிரீஸ் உருகி வழிந்து லைனிங் முழுவதும் ஊறியிருந்தது. விரலை வைத்தால் கறுப்பாக ஒட்டியது. இடச் சக்கரத்தில் வேறு கதை. மூன்று நடையாக அது இரண்டு பேர் வேலையைச் செய்திருக்கிறது. லைனிங் ரிவெட்டின் தலை வரைக்கும் தேய்ந்து, டிரம்மில் ரிவெட் உரசிய வட்டக் கோடுகள் விழுந்திருந்தன. டிரம்மின் உட்புறம் நீலம் பாரித்து, மயிரிழை போன்ற வெடிப்புகள் குறுக்கே ஓடின. லைனிங், டிரம், சீல் எல்லாம் மாற்ற ஒரு நாள் வேலை.

முதலாளியிடம் தொலைபேசியில் சொன்னேன். லோடு ஏற்றியாகிவிட்டது, தவணை கட்ட வேண்டிய தேதி நெருங்குகிறது, அடுத்த மாதம் எப்.சி. எனும் தகுதிச் சான்றுக்கு விடும்போது மொத்தமாகச் செய்துகொள்ளலாம் என்றார். "இந்த ஒரு நடை போய்வரட்டும்." பெட்ரோல் ஊற்றி லைனிங்கைக் கழுவித் துடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மற்றச் சக்கரங்களின் ஸ்லாக்கை இறுக்கி வண்டியை அனுப்பினேன். எட்டாவது நாள் வெளிமாநிலத்தில் கரும்பு ஏற்றிய டிராக்டரின் பின்னால் மோதியது. டிராக்டரில் இருந்தவர்கள் பிழைத்துக்கொண்டார்கள். எங்கள் ஓட்டுநருக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று. வழக்கு அவர்மீதுதான். மூன்று முறை சொன்னவர் அவர். போகட்டும் என்றவர் ஒருவர், அனுப்பியவன் நான். எங்கள் இருவர் பெயரும் எந்தக் காகிதத்திலும் இல்லை.

டயருக்கு வருகிறேன். வெயில் காலத்தில் டயர் வெடித்தது என்று செய்தி வரும். வெயில்தான் காரணம் என்று எல்லோரும் எண்ணிக்கொள்வார்கள். வெயில் அதை முடித்துவைக்கிறது, அவ்வளவுதான். காற்று குறைவான டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிர்கிறது. அந்த மடிப்பிலேயே சூடு பிறக்கிறது. ரப்பருக்கும் உள்ளே இருக்கும் கம்பி நூலுக்கும் உள்ள பிணைப்பு தளர்கிறது. பின்னச்சில் ஜோடியாக இருக்கும் டயர்களில் உள் டயர் காற்றிழந்தால் வெளியே தெரியாது. வெளி டயர் இரட்டைச் சுமையைச் சுமந்துகொண்டு ஓடும். பழைய கிளீனர்கள் வண்டி நிற்கும் இடமெல்லாம் கம்பியை எடுத்துக்கொண்டு இறங்கி, ஒவ்வொரு டயரையும் தட்டிப் பார்ப்பார்கள். நல்ல டயர் துள்ளிக் கம்பியைத் திருப்பி அனுப்பும். காற்றில்லாதது தொப்பென்று கம்பியை விழுங்கும். இப்போது செலவைக் குறைக்கக் கிளீனர் இல்லாமலே வண்டிகள் ஓடுகின்றன. தூக்கக் கலக்கத்தில் இருக்கும் ஒற்றை ஓட்டுநர் பன்னிரண்டு டயரையும் தட்டிப் பார்ப்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. கிளீனரை நிறுத்தியதை நான் பராமரிப்புக் குறைவு என்றே சொல்வேன்.

தேய்ந்த டயரின் மேல் புது ரப்பர் ஒட்டிய ரீட்ரெட் டயர் மீது பலருக்கும் கோபம் இருக்கிறது. அதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. அடிக்கூடு நன்றாக இருந்து, ஒழுங்கான ஆலையில் செய்த ரீட்ரெட் பின்னச்சில் நன்றாகவே உழைக்கும். முன்னச்சில் போடுவதுதான் தவறு. பின்னால் ஒன்று வெடித்தால் பக்கத்து டயர் தாங்கும். முன்னால் வெடித்தால் ஸ்டீயரிங்கைக் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு வண்டி அந்தப் பக்கமே போகும். எதிர்ச் சாலைக்குப் பாய்ந்து பஸ்ஸில் மோதிய லாரிகள் பலவற்றின் கதை அதுதான்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டயர் மாற்றி ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓடியதும் சக்கர நட்டுகளை மறுபடி இறுக்க வேண்டும். இறுக்காததால் கழன்று ஓடிய சக்கரம் எதிரே வருபவரைக் கொன்றுவிடும். ஸ்பிரிங் பட்டையின் சென்டர் போல்ட் ஒடிந்தால் அச்சு இடம் மாறி வண்டி கோணலாக ஓடும். ஸ்டீயரிங் இணைப்புகளில் ஆட்டம் இருந்தால் ஓட்டுநர் அதற்குப் பழகிவிடுவார். அவசரத்தில் வெட்டித் திருப்பும்போது அந்தப் பழக்கம் உதவாது.

பழுதாகி நிற்கும் லாரியை மட்டும் தாண்டிப் போக மனம் வரவில்லை. இரவு இரண்டு மணி, டயர் பஞ்சராகியோ கிளட்ச் போயோ வண்டி இடப்பக்கப் பாதையிலேயே நிற்கிறது. பின் விளக்கின் ஒயர் எப்போதோ அறுந்தது, ஒட்டிய பிரதிபலிப்புப் பட்டையைச் சேறு மூடியிருக்கிறது. எச்சரிக்கை முக்கோணம் வண்டியில் இல்லை. ஓட்டுநர் வேப்பங்கிளையை ஒடித்துப் போட்டு, நாலு கல்லை அடுக்கிவைக்கிறார். பின்னால் குடும்பத்தோடு வரும் காரின் விளக்கு வெளிச்சத்தில் அந்தக் கல் தெரியும்போது தூரம் முடிந்துபோயிருக்கும். பழுது சரியானதும் வண்டி போய்விடும், கற்கள் அங்கேயே கிடக்கும்; விடிவதற்குள் இரு சக்கர வாகனத்தில் வரும் பால்காரர் அதில் ஏறி விழுவார். 'நின்றிருந்த லாரி மீது கார் மோதல்' என்ற செய்தியைப் படிக்கும்போது அந்த லாரி ஏன் அங்கே நின்றது என்றும் கேளுங்கள். ஒரு விளக்கும் ஒரு துணியும் செய்ய வேண்டிய வேலை அது.

தகுதிச் சான்று, அதாவது எப்.சி., இதையெல்லாம் தடுக்காதா என்று கேட்பீர்கள். சரக்கு வண்டிக்கு எட்டு ஆண்டுகள் வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை, அதன்பிறகு ஆண்டுக்கு ஒரு முறை என்பது விதி. மாதம் எட்டாயிரம், பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு ஆண்டில் ஒரு நாள் பார்வை. அந்த ஒரு நாளுக்காக வண்டி மணப்பெண் போல அலங்காரமாகும். பெயிண்ட் அடிப்பார்கள், எண் எழுதுவார்கள், ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். நல்ல டயர்களை இரவல் வாங்கி மாட்டிக் காட்டிவிட்டு மறுநாளே கழற்றித் திருப்பிக் கொடுப்பதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். டயரின் பூ, அதாவது பள்ளத்தின் ஆழம், 1.6 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும் என்பது அன்றைக்கு மட்டும் உண்மையாக இருக்கும். இயந்திரத்தின் மேல் சக்கரத்தை ஓடவிட்டு ஒவ்வொன்றின் பிரேக் பிடிப்பையும் அளக்கும் தானியங்கிச் சோதனை நிலையங்களை நான் மனதார வரவேற்கிறேன். முன் வலச் சக்கரம் பிடிக்கவில்லை என்பதை அந்த இயந்திரம் யாருடைய முகத்தையும் பார்க்காமல் சொல்லும்.

பொறுப்பு யாருடையது என்பதற்கு வெளிநாட்டு வழக்கு ஒன்றைச் சொல்கிறேன். 2015 பிப்ரவரி 9 அன்று இங்கிலாந்தின் பாத் நகரில் செங்குத்தான சாலையில் இறங்கிய 32 டன் டிப்பர் லாரியின் பிரேக் பிடிக்கவில்லை. நான்கு வயதுச் சிறுமி உட்பட நால்வர் இறந்தார்கள். அங்கே காவல்துறை பிரேக்குகளைக் கழற்றிப் பார்த்தது. பராமரிப்புப் பதிவேடுகளைக் கைப்பற்றியது. ஓட்டுநரும் குற்றம் சாட்டப்பட்டார், ஆனால் நீதிமன்றம் அவரை விடுவித்தது. 2017 ஜனவரியில் லாரி முதலாளிக்கு ஏழரை ஆண்டுச் சிறை. மெக்கானிக்குக்கு ஐந்தே கால் ஆண்டு. அந்தத் தீர்ப்பைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நம் சட்டத்திலும் வழி இல்லாமல் இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-ஆவது பிரிவு, குறைபாடுள்ள வண்டியை ஓட்டியவரை மட்டும் சொல்லவில்லை. ஓட்டச் செய்தவரையும் ஓட்ட அனுமதித்தவரையும் சேர்த்தே சொல்கிறது. சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் குறைபாடு என்றாலே போதும். ஆனால் அதனால் விபத்து நடந்து காயம் ஏற்பட்டாலும் முதல் முறைக்கு மூன்று மாதச் சிறை அல்லது 5,000 ரூபாய் அபராதம் என்ற அளவில்தான் தண்டனை இருக்கிறது. ஒரு ஜோடி டயரின் விலைக்குக் கூட இந்த அபராதம் ஈடாகாது.

முதலாளிகளையெல்லாம் கொடியவர்களாக நான் காட்ட விரும்பவில்லை. ஒன்று அல்லது இரண்டு வண்டி வைத்து, தவணைக்கும் டீசலுக்கும் சுங்கக் கட்டணத்துக்கும் நடுவில் மூச்சுத் திணறுபவர்கள் மிகப் பலர். வாடகையைச் சரக்கு கொடுப்பவர் முடிவு செய்கிறார். செலவுகளில் தள்ளிப்போடக்கூடியது பராமரிப்பு ஒன்றுதான். அதனால் அது தள்ளிப்போகிறது. தெரிந்தே சொல்கிறேன், இருந்தாலும் பிரேக்கையும் முன் டயரையும் அந்தப் பட்டியலில் சேர்க்கக் கூடாது. உயிரோடு தொடர்பில்லாத மற்ற வேலைகளை அடுத்த மாதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த விபத்துக்குப் பிறகு எங்கள் பட்டறையில் நீளமான கணக்குப் புத்தகம் ஒன்று வாங்கி வைத்தேன். தேதி, வண்டி எண், ஓட்டுநர் சொன்ன குறை, நாங்கள் செய்த வேலை. கடைசியில் ஒரு கட்டம்: 'சரிசெய்யாமல் அனுப்பச் சொன்னவர் கையெழுத்து'. பிரேக், ஸ்டீயரிங், முன் டயர் என்று குறை எழுதப்பட்டிருந்தால், வேலை முடியாமல் வண்டி வெளியே போக அந்தக் கட்டத்தில் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். தொலைபேசியில் "ஒரு நடைதானே" என்றவர்கள், நேரில் வந்து எழுதிவிட்டுப் போங்கள் என்றதும் சற்று நேரம் பேசாமல் இருப்பார்கள். பிறகு, "சரி, வண்டியை நிறுத்து, நாளைக்கு முடித்துக்கொடு" என்பார்கள். நான் அங்கே இருந்த மீதி ஆறு ஆண்டுகளில் அந்தக் கட்டத்தில் ஒரே ஒரு கையெழுத்துதான் விழுந்தது. அதுவும் எக்சாஸ்ட் பிரேக்குக்காக. பாகம் கிடைக்காமல், கோயம்புத்தூர் வழியாக மலை இறக்கம் இல்லாத பாதையில் போகச் சொல்லி அனுப்பிய வண்டி.